இலங்கையை விட்டு அகதியாகப் போன அக்காவுக்கு ஊரிலிருந்து பேப்பர் எடுத்து அனுப்புவது எப்படி

அங்கே வேலை, படிப்பு, கல்யாணம் எதற்குப் போனாலும் முதலில் பிறப்புச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஆள் நேரில் வரத் தேவையில்லை, நீங்களே எடுக்கலாம். பிறந்தது களுவாஞ்சிக்குடியோ திருக்கோவிலோ, பதிவு இருக்கும் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பழைய போட்டோக்கொப்பி இருந்தால் பதிவு இலக்கத்தையும் திகதியையும் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் தேடி எடுக்க நாளாகும். அக்கா எந்த நாட்டில் இருக்கிறா என்று கவுண்டரில் கதை சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. பெரிய தலைவலியே இங்கேதான். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, அக்காவின் அகதி அட்டையில் ஆங்கிலத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அதன் படத்தை வாட்ஸ்அப்பில் எடுத்துக் காட்டுங்கள். எங்கள் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், தகப்பன் பெயர் அங்கே குடும்பப் பெயராகிவிடும், ஓர் எழுத்து மாறினாலும் இது வேறு ஆள் என்று நிற்பார்கள்.

சாதாரண தரப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையத்திலேயே கேட்கலாம். புருஷன் காணாமல் போனவர் என்றால் மரணச் சான்றிதழ்தான் எடுக்க வேண்டும் என்றில்லை, அதற்கென்று தனிச் சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் வந்தது.

ஒன்று மட்டும் கவனம்: அவசரம் என்று அக்காவை இலங்கைத் தூதரகத்துக்குப் போய்ப் பாஸ்போட் புதுப்பிக்கச் சொல்லாதீர்கள். சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாகவே திரும்ப நாடினால் (பாஸ்போட் புதுப்பிப்பதையும் அப்படி எடுத்துக்கொள்ளலாம்) அகதி அந்தஸ்து போகலாம் என்று 1951 அகதிகள் சாசனத்திலேயே இருக்கிறது. முதலில் அங்குள்ள வக்கீலைக் கேட்கட்டும்.