'இனம்' என்ற சொல்லும் மரபணுவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. மனித இனம், தமிழினம், கறுப்பினம் என்று எல்லாவற்றுக்கும் 'இனம்' என்றே சொல்கிறோம். முதலாவது ஓர் உயிரினம். இரண்டாவது மொழியாலும் வரலாற்றாலும் சேர்ந்த மக்கள். மூன்றாவது, தோல் நிறத்தைப் பார்த்து மனிதர்கள் போட்ட கோடு. ஒரே சொல் என்பதால் அந்தக் கோட்டையும் இயற்கை போட்டதாக நம்பிவிடுகிறோம்.

நிறத்தை வைத்து உறவைக் கணிப்பது அடுத்த தவறு. பப்புவா நியூ கினி மக்களும் நைஜீரிய மக்களும் பார்வைக்குக் கறுப்பு. மரபணுவிலோ, பப்புவா மக்களுக்கு ஆப்பிரிக்கர்களைவிட ஐரோப்பியர்களும் ஆசியர்களும்தான் நெருக்கம். நிறம் வெயிலுக்கு ஏற்ப அமைவது. அதை வைத்து வம்சாவளியைப் படிக்க முடியாது.

நோயை ஓர் இனத்தின் தலையில் கட்டுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் மரபணு நோயான அரிவாள் செல் ரத்தசோகையைக் 'கறுப்பர்களின் நோய்' என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நம் நீலகிரிப் பழங்குடிகளிடமே அந்த நோய்க்கான மரபணுவைக் கண்டார்கள். கிரேக்கத்திலும் சவுதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும்கூட அது உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஹோசா மக்களிடமோ மிக அரிது. காரணம் மலேரியா. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தால், கடும் மலேரியாவிலிருந்து அது குழந்தையைக் காக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஆகவே, தலைமுறை தலைமுறையாக மலேரியா வாட்டிய ஊர்களில் அது நிலைத்துவிட்டது. கொசுவுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை.

சரி, மனிதர்களுக்குள் மரபணு வேறுபாடே கிடையாதா? அப்படிச் சொல்வதும் தவறுதான். 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டபோது, மொத்த வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. இனங்கள் என்று பிரித்தவற்றுக்கு இடையே இருந்தது 6 சதவீதம் சொச்சம். இதை வைத்துக்கொண்டு 'மரபணுவைப் பார்த்து முன்னோர் எந்தப் பகுதி என்று சொல்லவே முடியாது' என்று வாதிடுகிறார்கள் சிலர். முடியும். ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகளைச் சேர்த்துப் பார்த்தால் பகுதி ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் அந்த வேறுபாடுகள் பெரும்பாலும் ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகின்றன. எங்கே வெட்டி 'இது ஓர் இனம்' என்பது என்று மரபணு சொல்வதில்லை.

அப்புறம், இனத்தைச் சூத்திரத்துக்குள் நுழைப்பது. அமெரிக்காவில் ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை வைத்துச் சிறுநீரகத்தின் திறனைக் கணக்கிடும்போது, நோயாளி கறுப்பர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கும் சூத்திரம் பரவலாகப் புழங்கியது. சிறுநீரகம் உண்மையில் இருப்பதைவிட நன்றாக வேலை செய்வதாகத் தாளில் தெரியும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவர் பெயர் ஏறத் தாமதமாகும். 2021-இல்தான் இனம் இல்லாத புதிய சூத்திரம் வந்தது. இழந்த காத்திருப்புக் காலத்தைக் கறுப்பின நோயாளிகளின் கணக்கில் திருப்பிச் சேர்க்கும் வேலை 2023-இல் தொடங்கியது.