சைனீஸ் உணவகத்தில் ஆர்டர் செய்யும் முன்

சின்ன ஊர் சைனீஸ் உணவகத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டு அடுப்புகள்தான் இருக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள். முதலில் சூப், அது வந்ததும் பொரித்த வகை, அப்புறம் நூடுல்ஸ். கடும் தீயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டி இறக்குவதுதான் இந்தச் சமையலுக்கு உயிர். நாலு பேருக்கானதை மொத்தமாகக் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கி, காய்கள் தண்ணீர் விட்டுக் குழைந்துபோகும். முட்டைக்கோஸ் நறுக்கென்று கடிபடுகிறதா? சரியாகச் செய்திருக்கிறார்கள், தாராளமாகப் பாராட்டிவிட்டு வாருங்கள்.

மொறுமொறு வகைகளுக்குச் சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நூடுல்ஸில் மட்டுமல்ல, பெரும்பாலான சோயா சாஸிலும் கோதுமை உண்டு.