கொரிய செயப்பாட்டு வினையா? முதலில் 'படு'வை மறந்துவிடுங்கள்

கொரியம் படிப்பவர்கள் இந்தப் பாடத்துக்கு வந்ததும் 'திறக்கப்பட்டது', 'மூடப்பட்டது' என்று மனதுக்குள் மொழிபெயர்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள், சிக்கலே அங்கேதான். வீட்டில் யாராவது அப்படிப் பேசுகிறோமா? கதவு திறந்தது, கயிறு அறுந்தது, அவ்வளவுதான். கொரியர்களும் அப்படித்தான். அங்கே லிஃப்டில் 'முனி யொல்லிம்னிதா' என்று குரல் வரும். கதவு திறக்கிறது என்று அர்த்தம். யார் திறந்தார்கள் என்ற பேச்சே இல்லை.

அதனால் வினைகளை ஜோடியாகவும், கூடவே ஒரு பெயர்ச்சொல்லோடும் எழுதிப் படியுங்கள். 'முனுல் யொல்தா' என்றால் கதவைத் திற. 'முனி யொல்லிதா' என்றால் கதவு தானாகத் திறப்பது. 'சோரிருல் துத்தா' நாம் சத்தத்தைக் கேட்பது, 'சோரிகா துல்லிதா' சத்தம் நமக்குக் கேட்பது. கவனித்தீர்களா, நம் 'ஐ' உருபு மாதிரி வரும் உல்/ருல் போய், எழுவாய்க்கான இ/கா வந்துவிட்டது. வினையை விட இந்த உருபில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

நடுவில் சேரும் விகுதிகள் நான்கு: இ, ஹி, ரி, கி. எது எங்கே என்பதற்கு ஒரு விதி உண்டு, கடைசி 'தா'வுக்கு முன்னால் உள்ள பகுதி ல் ஒலியில் முடிந்தால் பெரும்பாலும் ரி என்கிற மாதிரி. ஆனால் பேசும்போது விதியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, ஜோடி வாயில் பழகினால் போதும். எல்லா வினைக்கும் இவை ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். 'ஹாதா' (செய்) என்று முடியும் வினைகள் பல 'த்வேதா' (ஆகு) என்று மாறும் (ஷிஜாக்ஹாதா நாம் ஒன்றைத் தொடங்குவது, ஷிஜாக்த்வேதா அது தொடங்குவது), வேறு சில 'ஜிதா' சேர்த்துக்கொள்ளும், மோசடி, நிராகரிப்பு போன்ற கெட்டது பலவும் 'தாங்ஹாதா'வோடு (ஆளாவது) வரும்.

யாரால் என்று சொல்ல வேண்டுமா? 'ஆல்' தேடாதீர்கள். திருடன் போலீஸிடம் மாட்டினான் என்கிறோமே, அந்த 'இடம்' தான் ஹான்தே: 'தோதுகி க்யொங்சால்ஹான்தே ஜாப்பியொஸ்ஸொயோ'. உயிரில்லாததற்கு 'எ' போதும், காற்றில் கதவு மூடிக்கொண்டது என்பதில் வரும் 'இல்' போல.

கதவு திறந்தே இருக்கிறது என்றால்? 'முனி யொல்லியொ இத்தா', திறந்து இருக்கிறது, அப்படியே நம் அமைப்பு.

ஒரே ஒரு எச்சரிக்கை: போயிதா 'தெரிவது', 'காட்டுவது' இரண்டுக்கும் வரும். முன்னால் இ/கா மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஏதோ தெரிகிறது, உல்/ருல் இருந்தால் யாரோ எதையோ காட்டுகிறார்கள்.