டூன் பகியில் பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச்: எஞ்சினும் நிற்கும்படி இணைக்கும் முறை

மணல்மேடுகளில் ஓட்டும் திறந்த வண்டியான டூன் பகி கவிழ்ந்து, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஓட்டுநரோ உதவிக்கு ஓடி வருபவரோ ஒரே திருப்பில் வண்டியின் மின்சாரம் முழுவதையும் நிறுத்திவிட வேண்டும். கட்-ஆஃப் ஸ்விட்ச் வைப்பது அதற்காகத்தான். ஆனால் பல வண்டிகளில் அந்த ஸ்விட்சை அணைத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் வண்டிக்கு மின்சாரம் தருபவை பேட்டரி, எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் என இரண்டு. பேட்டரியை மட்டும் துண்டித்தால், பிளக்கில் பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயிலுக்கு வேண்டிய மின்சாரத்தை ஆல்டர்னேட்டரே தந்துவிடுகிறது. ஸ்விட்ச் பொருத்தும் வேலையில் கவனம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

புரூஸ் மேயர்ஸ் 1964-இல் கலிபோர்னியாவில் உருவாக்கிய மேயர்ஸ் மேங்க்ஸ் வழிவந்த பகியை, அதாவது வோக்ஸ்வேகன் பீட்டிலின் அடிச்சட்டத்தின் மேல் ஃபைபர்கிளாஸ் உடல் ஏற்றிய 12 வோல்ட் வண்டியை, இங்கே எடுத்துக்கொள்கிறேன். பீட்டிலில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கும். அதன் பாசிட்டிவ் கேபிள் நேராக ஸ்டார்ட்டரை இயக்கும் மின்காந்த ஸ்விட்சான சாலனாய்டின் போல்ட்டுக்குப் போகிறது. ஆல்டர்னேட்டர் மாற்றிப் பொருத்திய வண்டிகளில் அதன் வெளியீட்டு வயரும் பெரும்பாலும் அதே போல்ட்டில்தான் வந்து சேரும். விளக்கு, இக்னிஷன் அனைத்துக்குமான முதன்மை வயரும் அங்கிருந்தே கிளம்பும். எனவே பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் ஸ்விட்சை வைத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால், ஆல்டர்னேட்டரும் இக்னிஷனும் ஸ்விட்சுக்கு அப்பால் ஒன்றாகவே இருந்துவிடுகின்றன. எஞ்சின் நிற்காததோடு, பேட்டரி என்ற தாங்கி திடீரென்று விலகுவதால் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் கணநேரத்தில் 40 வோல்ட்டையும் தாண்டி எகிறி, டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடக்கூடும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு வயரைச் சாலனாய்டு போல்ட்டிலிருந்து கழற்றி, தனி வயராக ஸ்விட்சின் பேட்டரிப் பக்க போல்ட்டுக்குக் கொண்டுவருவதாகும். அப்போது ஸ்விட்சை அணைத்தால் ஆல்டர்னேட்டர் பேட்டரியோடு சேர்ந்தே இருக்கும், மின்னழுத்தம் எகிறாது. இக்னிஷனோ இரண்டிலிருந்தும் அறுபட்டு எஞ்சின் நின்றுவிடும். 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 16 சதுர மில்லிமீட்டர் வயரும் 80 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதும் இந்த வயரில் மின்சாரம் இருக்கும் என்பதால், ஃபியூஸை ஸ்விட்ச் போல்ட்டிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் வைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பந்தயத்துக்குப் போகும் வண்டிக்கு இது போதாது. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகள் ஆல்டர்னேட்டர் உட்பட அனைத்துச் சுற்றுகளும் துண்டிக்கப்பட வேண்டும் என்கின்றன. அதற்கு ஆறு முனை ஸ்விட்ச் உண்டு. அதன் இரண்டு பெரிய போல்ட்டுகள் பேட்டரிக்கு. அணைக்கும்போது திறக்கும் ஒரு சிறிய ஜோடி இக்னிஷன் காயிலின் வயருக்கு. அணைக்கும்போது மூடும் மற்றொரு ஜோடி, 3 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஆல்டர்னேட்டரின் மிச்ச மின்சாரத்தை எர்த்துக்கு வடிப்பதற்கு. எந்த ஜோடி எது என்பதை எழுத்துக் குறிகளை மட்டும் நம்பாமல், இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரால் சோதித்துக்கொள்ளுங்கள்.

150 சிசி ஜிஒய்6 எஞ்சின் கொண்ட சிறிய பகிகளின் கதை வேறு. ஏசி வகை சிடிஐ (பொறிக்கான மின்சாரத்தைத் தேக்கி விடுவிக்கும் பெட்டி) பொருத்தியவற்றில் இக்னிஷன் பேட்டரியை நம்பியே இல்லை. எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் சுருளிலிருந்தே அதை எடுக்கும். அங்கே சிடிஐயின் நிறுத்து வயரை, அணைக்கும்போது மூடும் ஜோடியின் வழியாக எர்த் செய்தால்தான் எஞ்சின் நிற்கும்.

ஸ்விட்ச் வாங்கும்போது, தொடர்ந்து தாங்கும் ஆம்பியர், ஸ்டார்ட் செய்யும் சில விநாடிகளுக்குத் தாங்கும் ஆம்பியர் என இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். மலிவான சிவப்புச் சாவி ஸ்விட்சுகளில் பெரும்பாலும் 100, 500 என்று இருக்கும். பீட்டில் எஞ்சினுக்கு அது போதும் என்றாலும், புழுதியிலும் அதிர்விலும் உழைக்க வேண்டிய பொருளுக்குக் கூடுதல் தாங்குதிறன் நல்லது. கேபிளில் சிக்கனம் வேண்டாம். 35 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள் 200 ஆம்பியர் பாயும்போது மீட்டருக்குச் சுமார் 0.1 வோல்ட் இழக்கும். 16 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு 0.2 வோல்ட்டுக்கு மேல். ஸ்விட்சுக்காக நாலு மீட்டர் கூடுதலாகச் சுற்றிவந்தால், மெல்லிய கேபிளில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் போய்விடும். சூடான எஞ்சினை ஸ்டார்ட்டர் சுழற்றத் திணறும்.

பெல்ட் போட்ட நிலையில் கை நீட்டினால் ஓட்டுநருக்கும், வெளியே நிற்பவருக்கும் எட்டுகிற இடமே ஸ்விட்சுக்கு ஏற்ற இடம். இருக்கைக்குப் பின்னால், தோள் உயரத்தில், குழாய்ச் சட்டத்தில் பற்றவைத்த தகடு பெரும்பாலும் பொருந்திவரும். பெட்ரோல் டேங்க்கும் கார்புரேட்டரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறியிட்ட ஸ்டிக்கரை அருகில் ஒட்டிவிடுங்கள். வண்டியை அறியாதவருக்கும் அது வழிகாட்டும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். முடிவில் கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் தொட்டால், ஸ்பானர் சட்டத்தில் இடித்த நொடியே ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ந்து, ஸ்பானர் ஒட்டிக்கொள்ளும்.

கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கைச் சுத்தியலால் நசுக்காமல், அறுகோண அச்சு கொண்ட கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். சால்டர் மட்டும் ஊற்றினால், அது கம்பி இழைகளுக்குள் ஏறி விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பிலேயே கேபிளை முறித்துவிடும். லக்கின் தட்டையான முகம் ஸ்விட்சின் பித்தளைப் பரப்பில் நேரடியாகப் படிய வேண்டும். வாஷர்கள் லக்குக்கு மேலே, நட்டுக்குக் கீழே மட்டும். இடையில் ஓர் இரும்பு வாஷர் நுழைந்துவிட்டால், மின்சாரம் முழுவதும் அந்த மோசமான கடத்தியின் வழியாகப் போக வேண்டியிருக்கும். கொஞ்ச நாளில் அந்த போல்ட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறுவதைப் பார்க்கலாம். கேபிள் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் கட்டாயம்.

ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் வேண்டும். கியர்பாக்ஸின் மூக்கிலிருந்து சட்டத்துக்கு வரும் பின்னல் எர்த் பட்டையையும் இப்போதே சுரண்டித் துலக்கி இறுக்குங்கள். ஸ்டார்ட்டர் திணறும்போது புதிய ஸ்விட்சைக் குறைசொல்பவர்கள் பலர் இந்தப் பட்டையைப் பார்ப்பதே இல்லை.

சோதனையில் முதலாவது: ஸ்விட்சை அணைத்து, சாவியைத் திருப்பி, ஸ்விட்சின் வண்டிப் பக்க போல்ட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். அடுத்து, ஸ்டார்ட்டர் சுழலும்போது இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கடைசியாக, எஞ்சினை முதலில் ஐடிலிலும், பிறகு நிமிடத்துக்கு 3000 சுற்றிலும் ஓடவிட்டு அணையுங்கள். ஐடிலில் நின்ற எஞ்சின் வேகத்தில் நிற்காமல் இழுத்தால், சார்ஜ் எச்சரிக்கை விளக்கின் வயர் வழியாக ஆல்டர்னேட்டரின் மின்சாரம் இக்னிஷனுக்குத் திரும்பி வருகிறது என்று பொருள். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டிகளில் இது நேரக்கூடும். அந்த வயரில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடை, வெள்ளைக் கோடு ஆல்டர்னேட்டரைப் பார்த்திருக்கும்படி மாட்டி, மீண்டும் 3000 சுற்றில் அணைத்துப் பாருங்கள்.