ஏடிஎல் ரூலில் பிழை எங்கே? மாடல் மாற்றத்தைச் சோதிக்கும் முறை

மென்பொருளின் அமைப்பைச் சொல்லும் ஒரு மாடலை இன்னொரு வகை மாடலாக்கும் நிரல்தான் மாடல் மாற்றம்; அதை 'ரூல்' எனும் விதிகளாக எழுத உதவும் மொழி ஏடிஎல். மாடல் மாற்றத்தில் பிழை இருந்தாலும் பெரும்பாலும் எதுவும் நின்றுபோகாது. நிரல் அமைதியாக ஓடி முடியும். வெளியீட்டில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். ஏடிஎல் பயிற்சியில் பலரும் தொடும் 'கிளாஸ் டு ரிலேஷனல்' மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். இது கிளாஸ் மாடலைத் தரவுத்தள டேபிள்களாக்குவது. ஒவ்வொரு கிளாஸும் ஒரு டேபிள் ஆகும்; ஒற்றை மதிப்புள்ள அட்ரிபியூட் அதில் ஒரு காலம் (column, நெடுவரிசை); பல மதிப்புள்ளது தனி டேபிள்.

சோதனை மாடல்களைச் சிறியதாக வையுங்கள், ஐந்தாறு உறுப்புகள் போதும். பெரிய மாடல் ஒன்றில் எல்லா ரூல்களும் ஓடிவிடும். தோற்றால் யாரைச் சந்தேகிப்பது? அட்ரிபியூட்டே இல்லாத கிளாஸ், ஒன்று உள்ளது, இரண்டு உள்ளது, வகை குறிப்பிடாத அட்ரிபியூட், வகையாக இன்னொரு கிளாஸைச் சுட்டுவது என எல்லைகளைத் தொடும்படி 12 மாடல்கள் எழுதுங்கள்.

வெளியீட்டை, எதிர்பார்த்த எக்ஸ்எம்ஐ கோப்போடு (மாடலைச் சேமிக்கும் எக்ஸ்எம்எல் வடிவம்) வரிக்கு வரி ஒப்பிட வேண்டாம். வரிசை மாறினாலே தோல்வி காட்டும். மாடல்களுக்கான நிபந்தனை மொழியான ஓசிஎல்லில் நிபந்தனைகளாக எழுதுங்கள்: 'டேபிளின் காலம் எண்ணிக்கை = ஒற்றை மதிப்பு அட்ரிபியூட்கள் + 1'. அந்த ஒன்று, அடையாள எண்ணுக்கான காலம்.

இனி பிழையைத் தேடலாம். எந்த மூல உறுப்பிலிருந்து எந்த ரூல் எதை உருவாக்கியது என்ற பதிவுதான் டிரேஸ். எந்தச் சோதனையில் எந்த ரூல் ஓடியது என்பதை அதிலிருந்து அட்டவணையாக்கி, ஒவ்வொரு ரூலுக்கும் ஒச்சியாய் (Ochiai) எனும் சந்தேக மதிப்பெண் போடுங்கள்; கூடினால் சந்தேகம் கூடும். ரூல் ஓடித் தோற்ற சோதனைகளின் எண்ணிக்கையை, (மொத்தத் தோல்விகள் × ரூல் ஓடிய சோதனைகள்) என்பதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது அது.

கிளாஸ் ரூலில், காலம்களைச் சேர்க்கும் வடிகட்டியில், கிளாஸ் வகை அட்ரிபியூட்களை மட்டும் எடுக்கும்படி தவறாக எழுதிவிட்டதாக வையுங்கள். 12 சோதனைகளில் 9 தோற்கின்றன. எளிய வகை (எண், சொல் போன்ற) அட்ரிபியூட்டைக் காலம் ஆக்கும் ரூல் அந்த 9இல் மட்டும் ஓடியது: 9 ÷ √81 = 1. கிளாஸ் ரூல் பன்னிரண்டிலும் ஓடியது: 9 ÷ √108 = 0.87. குற்றமற்றது முதலிடத்தில், குற்றவாளி அதற்குக் கீழே! எல்லா மாடலிலும் ஓடும் ரூலுக்கு இந்தச் சலுகை எப்போதும் உண்டு. ஆகவே முதலிடத்தை அப்படியே நம்பாமல், வெளியீட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள். காலம் உருவாகியிருக்கிறது, ஆனால் டேபிளுக்குள் இல்லாமல் கோப்பின் மேல்மட்டத்தில் அநாதையாகக் கிடக்கிறது. உருவாக்கிய ரூல் சரி. அதை இணைக்க வேண்டிய ரூல்தான் தவறு.

இதைவிட மோசமானது, ஓடாத ரூல். எந்த உறுப்புக்கு ஓட வேண்டும் என்று ரூலில் எழுதிய நிபந்தனை தேவைக்கு மேல் குறுகியிருந்தால், தோற்ற சோதனைகளில் அந்த ரூல் ஓடாமலே போகலாம்; அப்போது மதிப்பெண் பூஜ்யம். மதிப்பெண் பட்டியல் இங்கே உதவாது. டிரேஸில் இடம்பெறாத மூல உறுப்புகளைப் பட்டியலிடுங்கள். பேக்கேஜ் போல ரூலே தேவையில்லாதவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவது எந்த ரூலுக்கு உரியதோ, அதன் நிபந்தனையைப் படியுங்கள். வகை குறிப்பிடாத அட்ரிபியூட்டும் அங்கே சிக்கலாம்: ஏடிஎல்லின் வழக்கமான இயந்திரம், இடப்பக்கம் பொய்யானாலும் 'அண்ட்' என்பதன் இரு பக்கத்தையும் கணக்கிடும். வெறுமையா என்ற சோதனையை இடப்பக்கம் வைத்தால் காப்பு கிடைக்காது. 'இஃப்' உள்ளே 'இஃப்' எழுத வேண்டும்.

திருத்திய பிறகு, ஒரு ரூலின் நிபந்தனையை வேண்டுமென்றே தலைகீழாக்கி ஓட்டுங்கள். ஒரு சோதனையும் தோற்கவில்லையென்றால் அந்த ரூலுக்கு இன்னும் மாடல் எழுதவில்லை.