நவோதயா ஆறாம் வகுப்புத் தேர்வு: புதுச்சேரிப் பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

மத்திய அரசுப் பள்ளியான காலாப்பட்டு ஜவஹர் நவோதயா வித்யாலயாவில் ஆறாம் வகுப்புக்கு அதிகபட்சம் 80 இடம். தேர்விலும் 80 கேள்விதான். பாடம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாது. அப்படியும் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைகள் கோட்டை விடுவதுண்டு. காரணம் பெரும்பாலும் பாடத்தில் இல்லை. ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்ற கணக்கும், விடைக்கான வட்டத்தை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளும், நாலு விடையில் மூன்று விடை பொறி என்பதும் அவர்களுக்குப் பழக்கமில்லை.

முதலில் தகுதி. பிள்ளை குடியிருப்பதும் ஐந்தாம் வகுப்பு முழு ஆண்டும் படிப்பதும் அந்த நவோதயா உள்ள மாவட்டத்திலேயே இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நவோதயா கிடையாது. ஆகவே வீடு பாகூரிலோ கன்னியக்கோவிலிலோ இருந்து, பிள்ளை முள்ளோடை தாண்டிக் கடலூரில் ஐந்தாவது படித்தால் காலாப்பட்டுக்கு விண்ணப்பிக்க வழியில்லை. பள்ளி மாற்றுவதென்றால் ஐந்தாம் வகுப்பு தொடங்குமுன் மாற்றிவிட வேண்டும். நடு ஆண்டில் மாற்றிப் பயனில்லை.

இடங்களில் குறைந்தது 75 சதவீதம் கிராமப்புறத்துக்கு. இதில் பலர் வீட்டு முகவரியைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பார்ப்பது பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தை. மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்பையும் கிராமப்புறப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் நகரப் பள்ளியில் படித்திருந்தாலும் நகர்ப்புறக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண் பிள்ளைகளுக்கு. 2026–27 சேர்க்கைக்குப் பிறந்த தேதி 2014 மே 1 முதல் 2016 ஜூலை 31 வரை என்று வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு அது நகரும். ஒரு பிள்ளை ஒரு முறைதான் எழுதலாம். 'இந்த வருஷம் சும்மா எழுதிப் பார்க்கட்டும்' என்பது இங்கே நடக்காது.

கடலூர்ப் பக்கம் உள்ளவர்கள் பார்க்க வேண்டியது உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளி (பிள்ளைகளை ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தயார் செய்யும் உறைவிடப் பள்ளி). அங்கே கட்டணம் உண்டு, எழுத்துத் தேர்வுக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. ஆறாம் வகுப்புத் தேர்வில் 125 கேள்வி, 300 மதிப்பெண், 150 நிமிடம். கணக்கில் மட்டும் 50 கேள்விக்கு 150 மதிப்பெண், அதாவது சரிபாதி. கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு அது கடினமான பரீட்சை. கீழே கணக்குக்கும் ஓ.எம்.ஆருக்கும் சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

இன்னொன்றை விண்ணப்பம் போடுமுன்பே வீட்டில் பேசிவிடுங்கள். நவோதயா உண்டு உறைவிடப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் 30 சதவீதப் பிள்ளைகளை ஓராண்டுக்கு இந்தி பேசும் மாநில நவோதயாவுக்கு அனுப்புவார்கள். அதற்குச் சம்மதமில்லாத குடும்பம் பிள்ளையை ஆறு மாதம் வாட்டி எடுப்பதில் அர்த்தமில்லை.

விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் இல்லை. தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்றிதழ், பிள்ளையின் படம், பிள்ளை கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து ஆகியவை வேண்டும். தேர்வு மொழியையும் அப்போதே குறிக்க வேண்டும். இங்கே யோசித்துக் குறியுங்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023–24 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. ஆங்கிலத்தில் எல்.சி.எம்., எச்.சி.எஃப். என்று படித்த பிள்ளை தமிழ் வினாத்தாளில் மீ.சி.ம., மீ.பெ.கா. என்பதைக் கண்டால் திகைத்து நிற்கும். கணக்கை எந்த மொழியில் படித்ததோ அந்த மொழியே நல்லது. வீட்டில் பேசுவது தமிழ்தானே என்று மட்டும் பார்த்துத் தமிழைக் குறித்தால், கணக்குச் சொற்கள் நாற்பது ஐம்பதையாவது தமிழிலும் எழுதிப் பழக்க வேண்டியிருக்கும்.

2025 சேர்க்கைக்கான தேர்வு ஜனவரி 18இல் நடந்தது. அடுத்த சேர்க்கைக்கு 2025 டிசம்பர் 13க்கே வந்துவிட்டது. பொங்கல் வரை நேரமிருக்கிறது என்று நம்பாமல், அக்டோபர் கடைசியில் பாடம் முடியும்படி ஜூனில் தொடங்குங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம், ஞாயிறு இரண்டு மணி நேரம் போதும். மழைக்காலத்தைக் கணக்கில் வையுங்கள். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து, பள்ளிகளும் மூடிக்கிடந்தன. அக்டோபர் கடைசிக்குப் பிறகு புதுப் பாடம் எதையும் தள்ளிவைக்காதீர்கள்.

100 மதிப்பெண்ணில் பாதி மனத்திறன் பகுதிக்கு. பத்து வகைப் படக்கேள்வி, வகைக்கு நான்கு. பள்ளியில் இதை யாரும் நடத்துவதில்லை, ஆனால் வேகமாக ஏறுவதும் இதில்தான். கைடு வாங்கி விடையைப் பார்த்துப் பழக்கினால் ஏறாது. கையால் செய்து பார்க்க வேண்டும்.

தாளை மடித்து ஓட்டை போடும் கேள்விக்கு ஒரு நோட்டுத் தாளும் பஞ்சிங் மெஷினும் எடுங்கள். ஒரு முறை மடித்தால் ஓர் ஓட்டை இரண்டாகும், இரண்டு முறை மடித்தால் நான்காகும். பிள்ளை முதலில் ஓட்டைகளை எண்ணட்டும். எண்ணிக்கை பொருந்தாத விடைகள் அப்போதே கழிந்துவிடும். பிறகுதான் இடம்: மடிப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தூரமோ அந்தப் பக்கமும் அவ்வளவே. தவறு நடப்பது மடிப்பின் மேலேயே வெட்டும்போது. அரைவட்டமாக வெட்டினால் விரித்ததும் ஒரே முழு வட்டம்தான் வரும். பிள்ளைகள் இரண்டு என்று குறிப்பார்கள். இருபது தாள் வீணாகட்டும், பரவாயில்லை. அதன் பிறகு தாள் இல்லாமலே மனசுக்குள் விரிக்க வந்துவிடும்.

கண்ணாடி பிம்பத்துக்குச் சின்ன முகக்கண்ணாடி ஒன்று போதும். கண்ணாடி பக்கவாட்டில் நின்றால் இடது வலது மாறும், மேல் கீழ் மாறாது. பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துப் புரட்டிவிடுவார்கள். மறைந்திருக்கும் உருவத்தைத் தேடும் கேள்விக்கு ட்ரேசிங் பேப்பரில் உருவத்தை வரைந்து நான்கு விடையின் மேலும் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். படவரிசையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கவிடாதீர்கள். அம்புக்குறி மட்டும் எப்படித் திரும்புகிறது, 45 பாகையா 90 பாகையா? அதை வைத்தே இரண்டு விடை அடிபடும். அப்புறம் புள்ளியைப் பார்க்கலாம்.

கணக்கில் 20 கேள்வி, 25 மதிப்பெண். பின்னம், தசமம், காரணிகள், மடங்குகள், அளவைகள், சதவீதம், லாப நட்டம், நேரமும் தூரமும், பரப்பளவு, சுற்றளவு. எந்தத் தப்பை எதிர்பார்த்து விடைகள் அமைகின்றன என்பதைப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுங்கள். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை ரூ.80க்கு வாங்கி ரூ.100க்கு விற்றால் லாபம் 25 சதவீதம். விற்ற விலையால் வகுத்துவிட்டால் 20 வரும், அந்த 20ம் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும். 12 மீட்டருக்கு 8 மீட்டர் மனைக்குப் பரப்பு 96 சதுர மீட்டர், சுற்றளவு 40 மீட்டர். இரண்டும் விடைப்பட்டியலில் இருக்கும். 0.5 × 0.5க்கு 2.5 என்று குறிக்கும் பிள்ளையிடம் 'பாதியில் பாதி எவ்வளவு?' என்று கேளுங்கள். கால் என்றதும் அதுவே திருத்திக்கொள்ளும்.

வேகக் கணக்குகளில் சூத்திரத்தைவிடக் கூறுபோடுவது நல்லது. பஸ் 40 நிமிடத்தில் 24 கி.மீ. போனால் மணிக்கு எவ்வளவு? 24ஐ 40ஆல் வகுத்தால் 0.6 வந்து பிள்ளை அங்கேயே நிற்கும். 20 நிமிடத்துக்கு 12 என்றால் 60 நிமிடத்துக்கு 36, அவ்வளவுதான். வாய்ப்பாடு 16 வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். இது பழைய முறைதான். கேள்விக்கு 90 நொடி தரும் தேர்வுக்கு வேறு வழியில்லை.

மொழிப் பகுதியில் நான்கு பத்தி, பத்திக்கு ஐந்து கேள்வி. விடை எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டபின்தான் குறிக்க வேண்டும் என்ற விதியைப் பயிற்சியில் வையுங்கள். தனக்குத் தெரிந்த சங்கதியை வைத்துப் பதில் சொல்வதுதான் கெட்டிக்காரப் பிள்ளைகள் இதில் செய்யும் தவறு.

மாதிரித் தேர்வை செப்டம்பரில் தொடங்குங்கள். வாரம் ஒன்று, உண்மையான தேர்வு நேரமான 11.30 முதல் 1.30 வரை. மனத்திறனுக்கு 45 நிமிடம், கணக்குக்கு 40, மொழிக்கு 25, மீதி 10 சரிபார்க்க. மதிப்பெண்ணை விடத் தப்புகளைப் பாருங்கள். ஒரு நோட்டில் செங்குத்தாக மூன்று பத்தி போட்டு, தெரியவில்லை, தெரிந்தும் கவனமில்லை, நேரமில்லை என்று பிரித்து எழுதினால் அடுத்த வாரம் எதைப் படிக்க வேண்டும் என்பது தானே தெரியும். நடுப்பத்திதான் நீளமாக இருந்தால் இன்னொரு கைடு வாங்குவது வீண்.

ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் கொடுங்கள். நீல அல்லது கருப்புப் பால்பாயின்ட் பேனா மட்டுமே; ஒயிட்னர், அழித்தல் கிடையாது. 17ஆம் கேள்வியை விட்டுவிட்டு 18இன் விடையை 17இல் நிரப்பினால் பின்னால் வருவதெல்லாம் சரிந்துவிடும். ஐந்து கேள்விக்கு ஒரு முறை எண்ணின் மேல் விரலை வைத்துப் பார்க்கப் பழக்குங்கள். எல்லாவற்றையும் கடைசியில் நிரப்பலாம் என்றும் விடாதீர்கள்: வட்டத்துக்கு 8 நொடி என்றாலே 80க்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடிவிடும். பக்கத்துக்குப் பக்கம் நிரப்புவதே சரி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஆகவே கடைசி ஐந்து நிமிடத்தில் எந்த வட்டத் தொகுதியும் காலியாக இருக்கக் கூடாது.

டிசம்பர் தேர்வென்றால் மழை இருக்கும். ஹால் டிக்கெட்டை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஏற்கெனவே எழுதிப் பார்த்த இரண்டு பேனாவைக் கொடுங்கள். காலையில் இட்லி போல லேசான ஆகாரம். இரண்டு மணி நேரம் இடைவேளை இல்லை.