ஃபெர்ன் செடியின் இலைநுனி கருகினால்

நுனி கருகியதுமே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். முதலில் மண்ணில் 2 செ.மீ. ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மண் சொதசொதவென்று இருந்து நாற்றமடித்தால் வேர் அழுகல். கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டுப் புது மண்ணில் நடுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் நுனி மட்டும் மொறமொறவென்று காய்கிறதா? பெரும்பாலும் வறண்ட காற்றுதான் காரணம். ஏசி காற்று நேராகப் படாத இடத்துக்கு மாற்றி, ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்கு மேல் வையுங்கள். இலைமீது தண்ணீர் தெளிப்பதன் பலன் சற்று நேரம்தான், காற்றில் ஈரம் சேர்க்கும் கருவியான ஹியூமிடிஃபையரே மேல்.

மண்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது பெரும்பாலும் உப்பு. தொட்டிக் கொள்ளளவைப்போல் 3 மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசுங்கள். பிறகு பாதி அளவு உரமே போதும்.

கருகிய பகுதி மறுபடி பச்சையாகாது, கத்தரித்துவிடலாம். இலையடியில் வரிசையாக இருக்கும் பழுப்புப் புள்ளிகள் நோயல்ல, ஃபெர்ன் இனம்பெருக்க உதவும் வித்துப்பைகள் (ஸ்போர் பைகள்). அவற்றைச் சுரண்டாதீர்கள்.